பாதி வென்ற வழக்கின் செலவை யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஒரு காணி வழக்குத் தீர்ந்தால் ஊரில் எழும் முதல் கேள்வி "ஆர் வென்றது?" என்பதுதான். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் முடிகிற வழக்குகள் பலவற்றுக்கு இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. எல்லைத் தகராற்றில் வழக்காளி சொன்னது சரியாக இருக்கும், கேட்ட நட்டஈட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது. கடன் வாங்கியது உண்மை என்று தீர்ப்பாகும், வட்டி வெட்டப்பட்டிருக்கும். இரண்டு எதிராளிகளில் ஒருவருக்கு எதிராக வழக்கு வெல்லும், மற்றவருக்கு எதிராகத் தள்ளுபடியாகும். இத்தகைய தீர்ப்பின் கடைசி வரியில் "வழக்குச் செலவுடன்" என்றோ "செலவின்றி" என்றோ இரண்டு சொற்கள் நிற்கும். பல வருடம் அலைந்த இரண்டு குடும்பங்களில் எது எவ்வளவு பணத்தை இழக்கப் போகிறது என்பதை அந்த இரண்டு சொற்களே தீர்க்கின்றன. அவற்றுக்காக எவரும் வாதாடுவதில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது.

சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் பார்ப்போம். 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் 208ஆம் பிரிவிலிருந்து 214ஆம் பிரிவு வரை வழக்குச் செலவைப் பற்றியவை. செலவு என்றால் சட்டத்தரணிக்குக் கொடுத்த காசு என்றே பலர் நினைக்கிறார்கள். 208ஆம் பிரிவு அதைவிட மிக விரிந்தது. முத்திரை, அழைப்பாணை சேர்ப்பித்த செலவு, ஆவணப் பிரதிகள், பதிவுசெய்த சட்டத்தரணியின் கட்டணம், சாட்சிப்படி, நீதிமன்ற ஆணையின்படி காணியை அளந்த ஆணையாளரின் செலவு, தேவையான சாட்சியத்தைத் திரட்டி முன்வைக்க ஆன மற்றச் செலவுகள், தீர்ப்பாணையை (தீர்ப்பின்படி தயாராகும் முறையான கட்டளை ஆவணத்தை) நிறைவேற்ற ஆகும் செலவு என எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரே நிபந்தனை, அவை வழக்குக்கு அவசியமாக ஏற்பட்டவையாக இருக்க வேண்டும்.

தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுப்பதுதான் பொது விதி. ஆனால் செலவை எப்படியும் பங்கிட நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. முழுவதும் கொடுக்கலாம், ஒரு பகுதியைக் கொடுக்கலாம், ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வீதம் வகுக்கலாம். பொது விதியை விட்டு விலகும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் கோவை சொல்கிறது. ஆகவே "இரு தரப்பும் அவரவர் செலவை ஏற்க வேண்டும்" என்பது நடுநிலையானதொரு கட்டளையாகத் தோன்றினாலும், உண்மையில் அது விதிவிலக்கு. காரணம் கேட்கும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. காரணம் எழுதப்படாமல் விட்டுப்போனால் குறை நீதிமன்றத்தில் மட்டுமன்று, அதைக் கேட்காமல் விட்ட சட்டத்தரணியிடமும் இருக்கிறது.

பாதி வெற்றியில் இந்தப் பொது விதி எப்படி வேலை செய்கிறதென்று ஒரு கணக்கோடு பார்க்கலாம். கணக்கில் வரும் தொகைகள் உதாரணத்துக்காக வைத்தவை.

குளத்துக்குக் கீழே பக்கம் பக்கமாக, உறுதி (காணிப் பத்திரம்) உள்ள இரண்டு வயல்கள். இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது எல்லைக்கல் இல்லை, வரம்பு சிதைந்து கிடந்தது. மேற்கு வரம்பைத் தள்ளி 1 ஏக்கரைப் பக்கத்துக்காரர் சேர்த்து உழுகிறார் என்று வழக்காளி சொல்கிறார். அவர் கேட்பது 1 ஏக்கருக்கு உரித்துப் பிரகடனம், எதிராளியை வெளியேற்றும் கட்டளை, 6 போக விளைச்சலுக்கு 900,000 ரூபா நட்டஈடு. எதிராளி உரித்தை முழுவதும் மறுக்கிறார். அதோடு வரம்பு உயர்த்திய செலவென்று 300,000 ரூபாவுக்கு எதிர்க்கோரிக்கையும் வைக்கிறார். நீதிமன்ற ஆணையின்படி நில அளவையாளர் அளந்தபோது தள்ளப்பட்டது அரை ஏக்கர்தான் என்று தெரிகிறது. அந்த அரை ஏக்கர் வழக்காளிக்கு. விளைச்சலுக்குச் சரியான பதிவு இல்லாததால் நட்டஈடு 90,000 ரூபா மட்டும். எதிர்க்கோரிக்கை தள்ளுபடி.

இங்கே பலர் போடும் கணக்கு இதுதான்: காணியில் பாதி, நட்டஈட்டில் பத்திலொன்று, ஆகவே வழக்காளி வென்றது சுமார் 30 வீதம், செலவிலும் 30 வீதம் கொடுத்தால் போதும். இது தவறான கணக்கு. கேட்டதில் எவ்வளவு கிடைத்தது என்பது ஒரு விடயம், எதற்காகச் செலவு ஏற்பட்டது என்பது வேறு விடயம். தன் அரை ஏக்கரைத் திரும்பப் பெற வழக்காளிக்கு நீதிமன்றத்தைவிட வேறு வழி இருந்ததா? எதிராளி முதல் நாளே "அரை ஏக்கர் உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. சொல்லவில்லை, உரித்தையே மறுத்தார். எனவே மொத்த நிகழ்வில் வென்றவர் வழக்காளிதான். அங்கிருந்து தொடங்கி, அவர் தோற்ற விடயங்களால் விசாரணை எவ்வளவு நீண்டது என்று கழித்துக்கொண்டு வர வேண்டும்.

அதை அளக்க ஒரு நல்ல கருவி வழக்கேட்டிலேயே இருக்கிறது. வழக்கேட்டின் நாட்குறிப்பில் ஒவ்வொரு தவணைக்கும் என்ன நடந்தது என்று பதிவாகியிருக்கும். நம் உதாரணத்தில் விசாரணைக்கு 20 தவணைகள். உரித்தும் அளவைப் படமும் பற்றி 6 நாள். கமநல சேவை நிலையத்திலிருந்து அழைத்த அலுவலர், விவசாயிகள் என விளைச்சல் பற்றிய சாட்சியத்துக்கு 9 நாள். எதிர்க்கோரிக்கைக்கு 2 நாள். 3 நாள் ஒத்திவைப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த 9 நாளும் அப்படித்தான்: 90,000 ரூபாவைக் காண, உரித்தைத் தீர்க்க ஆனதைவிட அதிக நேரம் போயிருக்கிறது. உரித்து விடயத்தில் எதிராளியின் பிடிவாதமும் நட்டஈட்டு விடயத்தில் வழக்காளியின் பெருங்கணக்கும் வழக்கை இழுத்தன என்பதை இந்த நாட்கணக்கு எவரும் மறுக்க முடியாதபடி காட்டிவிடும்.

இனிப் பணம். வழக்காளியின் மதிப்பிட்ட செலவு மொத்தம் 120,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்: வழக்குரை, முத்திரை, அழைப்பாணை போன்ற பொதுச் செலவு 30,000, நில அளவை 36,000, ஒத்திவைப்பு நீங்கலாக 17 விசாரணை நாளுக்கு நாளொன்றுக்கு 3,000 வீதம் 51,000, காணிப் பதிவகப் பிரதிகள் 3,000. எதிராளியின் செலவு 80,000: பொது 20,000, 17 நாளுக்கு 51,000, ஆவணமும் சாட்சியும் 9,000.

"வழக்காளிக்கு வழக்குச் செலவுடன் தீர்ப்பு" என்றால் எதிராளி 120,000 ரூபாவும் கட்ட வேண்டும். நட்டஈட்டில் எதிராளி பெரும்பகுதி வென்றதற்கு அதில் இடமே இல்லை. "வழக்காளிக்கு அவருடைய செலவில் மூன்றில் இரண்டு" என்றால் 80,000. "நட்டஈட்டு விடயத்தின் செலவு எதிராளிக்கு, மற்றவை வழக்காளிக்கு" என்றால், வழக்காளியின் 120,000இல் 9 நாளுக்கான 27,000 கழிந்து 93,000 மிஞ்சும். அதிலிருந்து எதிராளியின் அதே 9 நாளுக்கான 27,000 கழிந்து கையில் வருவது 66,000. "வழக்காளிக்கு 60 வீதம், எதிராளிக்கு 40 வீதம்" என்றால் 72,000இலிருந்து 32,000 கழிந்து 40,000. "செலவின்றி" என்றால் வழக்காளிக்குச் சல்லிக்காசும் வராது. எதிராளி வரம்பைத் தள்ளியதால் மட்டும் தேவைப்பட்ட நில அளவைச் செலவு 36,000 ரூபாவையும் அவரே சுமக்க வேண்டும். அதே வழக்கு, அதே தீர்ப்பு. செலவு வரி மாறியதால் மட்டும் 120,000, 80,000, 66,000, 40,000, பூச்சியம் என ஐந்து முடிவுகள்.

இவற்றுள் ஒரு பொறியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அடிக்கடி பிழை விடுவது அங்கேதான். "60 வீதம்" என்று சொல்லும்போது எதில் 60 வீதம் என்று சொல்லாமல் விடுகிறார்கள். வழக்காளிக்கு அவருடைய செலவில் 60 வீதம் என்று கட்டளை இருந்து, எதிராளியின் செலவைப் பற்றி எதுவும் இல்லையென்றால் வருவது 72,000. எதிராளியின் 40 வீதமும் சேர்ந்தால் 40,000. வித்தியாசம் 32,000 ரூபா. வாதத்தின்போது சட்டத்தரணி "எனது கட்சிக்காரர் 60 வீதம் வென்றிருக்கிறார்" என்று சொல்லி அமர்ந்துவிட்டால் நீதிபதி எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்பது அவர் கையில். "மறுதரப்பின் செலவை ஈடுசெய்த பின்னர் தேறிய அளவில் இத்தனை வீதம்" என்றோ, "தன் செலவில் இத்தனை வீதம், மறுதரப்புக்குச் செலவு இல்லை" என்றோ முழு வசனமாகக் கேட்க வேண்டும்.

எந்த வழி நல்லது? என் கருத்து வீதமாகக் கொடுப்பதுதான். விடயம் விடயமாகப் பிரித்தால், செலவுப் பட்டியலைச் சரிபார்க்கும் நீதிமன்றப் பதிவாளர் ஒவ்வொரு தவணையையும் ஒவ்வொரு சாட்சியையும் எந்த விடயத்துக்குரியதென்று பிரிக்க வேண்டி வரும். ஒரே சாட்சி உரித்தையும் விளைச்சலையும் பேசியிருப்பார். அதைப் பிரிப்பது குறித்து இன்னொரு தகராறு எழும். இங்கிலாந்தின் சிவில் நடவடிக்கைமுறை விதிகளில் 44.2ஆம் விதியும் இதைத்தான் சொல்கிறது. விடயவாரியாகச் செலவுக் கட்டளை இடுமுன், அதற்குப் பதிலாக மொத்தச் செலவில் ஒரு வீதத்தைக் கொடுப்பது நடைமுறைச் சாத்தியமா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்று அந்த விதி அறிவுறுத்துகிறது. வழக்கைக் கேட்ட நீதிபதிக்கே எது வழக்கை இழுத்தது என்று தெரியும். பதிவாளருக்குக் காகிதம் மட்டுமே தெரியும்.

எதிர்க்கோரிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்க்கோரிக்கை தோற்றால் எதிராளியின் மொத்தச் செலவில் பாதி அதற்கென்று எண்ணக் கூடாது. பொதுச் செலவு வழக்குக்கே உரியது. எதிர்க்கோரிக்கையால் கூடுதலாக என்ன ஏற்பட்டதோ அதுவே அதன் செலவு. நம் உதாரணத்தில் அது 2 நாள். 1929ஆம் ஆண்டு அறிக்கையிடப்பட்ட மெட்வே ஒயில் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இந்தக் கணக்கு முறையைத்தான் வகுத்தது.

வன்னிக்கே உரிய ஒரு விடயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2008, 2009 காலத்தில் இடம்பெயர்ந்தபோது உறுதியும் அளவைப் படமும் தொலைந்த வீடுகள் எண்ணற்றவை. அவர்கள் தங்கள் உரித்தை நிரூபிக்கக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதிகளை எடுக்க வேண்டும். பழைய அளவைப் படத்தின் பிரதியைத் தேட வேண்டும். பக்கத்துக் காணிக்காரரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். எல்லைக்கல் இல்லாத இடத்தில் நில அளவையாளர் தூரத்திலுள்ள நிலையான புள்ளியிலிருந்து அளந்து வர வேண்டும். இதனால் சாட்சியத்துக்கான செலவு மற்ற மாவட்டங்களைவிட இங்கே அதிகம். ஆகவே உண்மையென்று தெரிந்த ஒன்றை எதிராளி வீணாக மறுத்திருந்தால், வழக்கின் மொத்த முடிவு எப்படி இருந்தாலும், அந்த மறுப்பால் ஏற்பட்ட செலவு அவர் தலையில்தான் விழ வேண்டும். உறுதியின் பிரதி எதிராளி கையிலேயே இருந்தும் "உறுதியை மறுக்கிறோம்" என்று மறுமொழியில் (வழக்குரைக்கு எதிராளி தரும் எழுத்துப் பதிலில்) எழுதிவிடுகிறார்கள். எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வகுக்கப்படும் நாளில் இரு தரப்பு ஏற்புகளையும் பதிவாக்கும்படி கேட்டு, மறுதரப்பு ஏற்க மறுத்ததையும் பதிவாக்கச் செய்யுங்கள். தீர்ப்பு நாளில் செலவுப் பங்கீட்டுக்கு அதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது.

பெருந்தொகை கேட்பதன் விளைவையும் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே அறிய வேண்டும். "கூடக் கேட்டால் கொஞ்சமாவது கிடைக்கும்" என்பது சந்தையில் சரி. நீதிமன்றத்தில் வழக்கின் பெறுமதி ஏறினால் முத்திரைக் கட்டணம் ஏறும். கோவையின் இரண்டாம் அட்டவணைப்படி கட்டண வகுப்பும் மாறும். விசாரணை நீளும். கடைசியில் கேட்டதில் பத்திலொன்று கிடைக்கும்போது, "இந்த மிகைக் கோரிக்கையால்தான் வழக்கு நீண்டது" என்று மறுதரப்பு எழுந்து சொன்னால் அதற்கு மறுமொழி இருக்காது. விளைச்சல் நட்டஈடு கேட்கும் விவசாயிகள் ஒவ்வொரு போகத்திலும் விதைத்த ஏக்கர், அறுவடை மூட்டை, விற்ற விலை ஆகியவற்றைப் பற்றுச்சீட்டோடு வைத்திருங்கள். அது இல்லையென்றால் நிரூபிக்கக்கூடிய தொகையை மட்டும் கேளுங்கள்.

கடன் வழக்கில் எதிராளிக்கு ஒரு நல்ல கேடயம் கோவையில் இருக்கிறது, 409ஆம் பிரிவிலிருந்து. கேட்ட தொகை மிகை என்று நினைக்கும் எதிராளி, உண்மையில் கொடுக்க வேண்டியதென்று தான் கருதும் தொகையை வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றத்தில் வைப்பிலிடலாம். வழக்காளி அதைப் பகுதியாக மட்டும் ஏற்று மீதிக்கு வழக்கைத் தொடர்ந்து, கடைசியில் வைப்பிலிட்ட தொகையே முழுக் கடன் என்று தீர்ப்பானால், வைப்புக்குப் பிந்திய செலவை வழக்காளி கொடுக்க வேண்டும். முந்திய செலவிலும் அவருடைய மிகைக் கோரிக்கையால் ஏற்பட்ட பகுதியை அவரே கொடுக்க வேண்டும். 500,000 கேட்கிறார், 350,000 தான் உண்மையென்று தெரிகிறதென்றால், பணம் இருக்கிற எதிராளி மறுமொழியோடு அந்த 350,000ஐயும் வைப்பிலிடுவது மிகப் புத்திசாலித்தனம். பணம் வைப்பிலிட்ட திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவுப் பட்டியல் அந்தத் திகதியில் இரண்டாகப் பிரியும்.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அற்றோணித் தத்துவத்தின் மூலம் வழக்குத் தொடுப்பது வன்னியில் இப்போது சாதாரணம். அவர்களும் எதிராளிகளும் 416ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். வழக்காளிகள் அனைவரும் இலங்கைக்கு வெளியே வசிப்பவர்களென்றால், எதிராளியின் செலவுக்குப் பிணை வைக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். குறித்த காலத்தில் பிணை வைக்கத் தவறினால் வழக்கே தள்ளுபடியாகலாம். எதிராளி இதை விண்ணப்பிக்காமல் விட்டால், பாதி வெற்றியில் தனக்கு வர வேண்டிய செலவைப் பிறகு லண்டனிலோ ரொறன்ரோவிலோ தேடித் திரிய வேண்டியதுதான்.

பார்ட்டிஷன் வழக்கென்று எல்லோரும் சொல்லும் பிரிவிடல் வழக்கு வேறு மாதிரி. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கும் அதில் வெற்றி தோல்வி என்ற பேச்சுக்கு இடம் குறைவு. நில அளவை உட்பட பொதுவான செலவைப் பங்காளிகள் தத்தம் பங்குக்கேற்பச் சுமக்கிறார்கள். நான்கில் ஒரு பங்குக்காரர் கால்வாசி, அரைப் பங்குக்காரர் அரைவாசி. ஆனால் உரிமையில்லாத பங்கைக் கோரி ஒருவர் தகராறு எழுப்பி அதில் தோற்றால், அந்தத் தகராற்றால் ஏற்பட்ட செலவு அவரைச் சேர்கிறது. இதையும் வெளிப்படையாகக் கேட்டால்தான் கிடைக்கும், இல்லையேல் எல்லாம் பொதுச் செலவில் கரைந்துவிடும்.

இரண்டு எதிராளிகள் ஒரே சட்டத்தரணியை வைத்து ஒரே மறுமொழி போட்டிருந்து, ஒருவருக்கு எதிரான வழக்கு மட்டும் தள்ளுபடியானால், வென்றவருக்கு முழுச் செலவும் வராது. பொதுச் செலவில் அவர் பங்கும், அவருக்கென்று தனியாக ஆனதும்தான். எதிராளிகள் பலருக்கு எதிராக வென்ற வழக்காளி, செலவைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் அறவிடக் கட்டளை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காசில்லாத எதிராளியின் பங்கு வராமலே போகும்.

இனி, கட்டளை கிடைத்த பின் நடப்பது. செலவுக் கட்டளை என்பது இன்னும் தொகை குறிக்கப்படாத உரிமை மட்டுமே. அதற்குத் தொகை கிடைக்க, பதிவுசெய்த சட்டத்தரணி செலவுப் பட்டியலைத் தயாரித்து மறுதரப்புக்கு அறிவித்தலோடு நீதிமன்றத்தில் கோவைப்படுத்த வேண்டும். 214ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் இரண்டாம் அட்டவணையின் வீதங்களின்படி அதை வெட்டிச் செப்பனிட்டு உறுதிசெய்வார். இதை நீதிமன்ற வட்டாரத்தில் "டாக்ஸ் பண்ணுதல்" என்பார்கள். வருமான வரியோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. பதிவாளர் வெட்டியது சரியில்லை என்று நினைப்பவர் நீதிபதியிடம் கொண்டுபோகலாம். உங்கள் சட்டத்தரணிக்கு உண்மையில் கொடுத்த தொகைக்கும் அட்டவணைப்படி மறுதரப்பிடம் வாங்கக்கூடிய தொகைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுங்கள். அட்டவணையின் கட்டணம் சிறிதென்பதால்தான் நில அளவை, சாட்சிப்படி, ஆவணப் பிரதி ஆகிய நேரடிச் செலவுகளுக்கு முக்கியத்துவம் கூடுகிறது. அவை பற்றுச்சீட்டோடு இருந்தால் பதிவாளரின் கையில் பெரும்பாலும் தப்பிவிடும். வெட்டுப்படுவது பற்றுச்சீட்டு இல்லாதவை, திகதி இல்லாதவை, எந்தச் சாட்சிக்கு என்று எழுதாதவை. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு வந்த சாட்சியின் பஸ் ரிக்கற்றைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டால் அந்தச் செலவு போனதுதான்.

வீதக் கட்டளை கிடைத்தாலும் பட்டியலை முழுத் தொகைக்கே தயாரிக்க வேண்டும். முதலில் முழுப் பட்டியலையும் பதிவாளர் உறுதிசெய்வார், பிறகே வீதம் போடப்படும். சிலர் தாங்களே 60 வீதமாகக் குறைத்துப் பட்டியல் கொடுக்கிறார்கள், பதிவாளர் அதில் மீண்டும் 60 வீதம் போட்டால் மிஞ்சுவது 36 வீதம்தான்.

இடைநடுவில் கொடுத்த கட்டளைகளையும் மறக்கக் கூடாது. ஒத்திவைப்புக் கேட்டவரை அடுத்த தவணையில் காலை 10 மணிக்கு முன் குறித்த செலவை முற்பணமாகக் கட்டச் சொல்லி, தவறினால் வழக்குத் தள்ளுபடியாகும் அல்லது மறுதரப்புக்குத் தீர்ப்பாகும் என்று கட்டளை இடுவதுண்டு. இந்த நாட்செலவுக்கும் இறுதிப் பங்கீட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்த நேரத்துக்குக் கட்டத் தவறினால் நல்ல வழக்கும் அங்கேயே முடியும். அதேபோல இடைக்காலத் தடையுத்தரவு விண்ணப்பத்தில் தோற்றவருக்கு எதிராகச் செலவுக் கட்டளை இடப்பட்டிருந்தால், இறுதித் தீர்ப்பு வேறு மாதிரி சொல்லாத வரை அது தனியாக நிற்கும். இறுதித் தீர்ப்பின் வீதத்துக்குள் இழுத்துக் கணக்குப் போடக் கூடாது.

ஒரு தரப்புக்கு இன்னொரு தரப்பு கொடுக்க வேண்டிய செலவை, மறுதிசையில் கொடுக்க வேண்டிய தொகையோடு ஈடுசெய்யும்படியும் கட்டளை கேட்கலாம். நம் உதாரணத்தில் நட்டஈடு 90,000 ரூபா எதிராளி கொடுக்க வேண்டியது. செலவுக் கட்டளை எதிராளிக்குச் சார்பாக இருந்திருந்தால் இரண்டையும் கழித்து ஒரே தொகையாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிஸ்காலை (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரை) அனுப்பி அறவிடும் செலவு மிச்சம். செலவுக் கட்டளையும் பணத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றப்படும். பணத் தீர்ப்பாணையை நிறைவேற்ற 337ஆம் பிரிவு 10 வருட எல்லை விதிக்கிறது. அதைவிட முன்பே செய்துவிடுங்கள். எதிராளி இறந்துபோனால் வாரிசுகளைச் சேர்க்கும் வேலை கூடும்.

செலவை மட்டும் எதிர்த்து மேன்முறையீடு செய்வது பெரும்பாலும் பயன் தராது. செலவு நீதிபதியின் தற்றுணிபு, அதாவது அவரே தீர்மானிக்கும் அதிகாரம். அது தவறான அடிப்படையில் பயன்பட்டது என்று காட்டாத வரை மேல் நீதிமன்றம் கை வைக்கத் தயங்கும். அதோடு 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு, எதிர்மனுதாரரின் செலவுக்குப் பிணை என்று புதுச் செலவும் வரும். காரணமே எழுதாமல் பொது விதியிலிருந்து விலகிய கட்டளை மட்டும் கொஞ்சம் பலமான வாதம். ஆகவே போராட்டம் தீர்ப்புக்கு முன்னால்தான் நடக்க வேண்டும்.

அதற்கு என் வேண்டுகோள் சட்டத்தரணிகளுக்கு. எழுத்துச் சமர்ப்பணத்தோடு செலவைப் பற்றி ஒரு பக்கம் சேருங்கள். எழுவினாக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை தவணை, எத்தனை சாட்சி, எத்தனை ஆவணம் என்று நாட்குறிப்பிலிருந்து எடுத்துக் குறியுங்கள். நில அளவைச் செலவு எந்த எழுவினாவுக்குரியது என்று தனியாகச் சொல்லுங்கள். மறுதரப்பு ஏற்க மறுத்த விடயங்களைத் திகதியோடு தாருங்கள். முழுவதும் வென்றால் இன்ன கட்டளை, உரித்தில் மட்டும் வென்றால் இன்ன வீதம், உரித்தில் தோற்று நட்டஈட்டில் வென்றால் இன்ன வீதம் என்று மாற்றாகக் கேளுங்கள். நீதிபதிகளுக்கு வேலைப்பளுவுக்குள் இந்த நாட்கணக்கைத் தாமாக எடுக்க நேரமிராது. தயாராக வைத்தால் காரணம் எழுதுவதும் அவர்களுக்கு எளிது.

கட்சிக்காரர்களுக்கு ஒன்று. தீர்ப்பு வாசித்த அன்று சந்தோசத்திலோ துக்கத்திலோ வீட்டுக்குப் போய்விடாமல், பிறகு தயாராகும் தீர்ப்பாணையின் பிரதியை எடுத்துத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்ப்பில் "மூன்றில் இரண்டு பங்கு செலவு" என்று இருக்க, தீர்ப்பாணையில் "செலவுடன்" என்று மட்டும் இருந்தால், அல்லது செலவு வரியே விடுபட்டிருந்தால், உடனே திருத்தம் கேளுங்கள். பதிவாளர் செலவுப் பட்டியலுக்கு எடுப்பது தீர்ப்பாணையைத்தான்.

இப்படிக்கு,
வழக்குச் செலவுப் பட்டியல் தயாரிக்கும் சட்டத்தரணி அலுவலக லிகிதர்,
வவுனியா.